யூடியூப், பிளே ஸ்டோர், ஸ்டீம்: மாற்று வழிகளுக்கு நகர்வது எப்படி?

பெரிய தளங்களை விட்டு விலக முடிவெடுப்பவர்களில் பலர் முதல் நாளே கணக்கை அழித்துவிட்டுத்தான் தொடங்குகிறார்கள். இரண்டு வாரம் கழித்து வேறு ஏதோ ஓர் இணையதளத்தின் கடவுச்சொல்லை மீட்க அந்தப் பழைய மின்னஞ்சல் தேவைப்படுகிறது. காசு கொடுத்து வாங்கிய விளையாட்டு திறக்க மறுக்கிறது. சந்தா வைத்திருந்த சேனல்களின் பெயர்கூட நினைவுக்கு வருவதில்லை. வரிசை தலைகீழாகப் போனதால் வரும் வினை இது. கணக்கை மூடுவது கடைசிப் படி. அதற்கு முன் தரவை எடுக்க வேண்டும், பிறகு வீடியோ, பிறகு செயலிகள், அதற்கும் பிறகுதான் விளையாட்டுகள்.

எந்த மாற்றுத் தளத்தைப் பார்த்தாலும் முதலில் ஒரு கேள்வியைக் கேளுங்கள்: இது நாளைக்கு மூடப்பட்டால் என் கையில் என்ன மிஞ்சும்? கோப்போ, பட்டியலோ, கணக்கைத் திறக்கும் மறைக்குறியீட்டுச் சாவியோ மிஞ்சுகிறது என்றால் அது உண்மையான மாற்று. எதுவும் மிஞ்சாது என்றால் ஒரு பூட்டிய அறையிலிருந்து இன்னொரு பூட்டிய அறைக்குக் குடி போகிறீர்கள். விளம்பரம் குறைவு, முகப்பு அழகு என்பதையெல்லாம் அதற்கப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

1. பட்டியல் போடுங்கள்

ஃபோனிலும் கணினியிலும் இருக்கும் செயலிகளை ஒரு தாளில் எழுதி மூன்றாகப் பிரியுங்கள். வெறுமனே பார்க்கவும் கேட்கவும் பயன்படுபவை முதல் வகை. இவற்றை இன்றே மாற்றலாம். காசு கொடுத்து வாங்கியவை இரண்டாம் வகை. வாங்கிய உரிமையை ஒரு கடையிலிருந்து இன்னொரு கடைக்குக் கொண்டுபோக வழியில்லை; பிளே ஸ்டோரில் வாங்கிய செயலியும், ஸ்டீம் என்ற கணினி விளையாட்டுக் கடையில் வாங்கிய விளையாட்டும் அங்கேயேதான் இருக்கும். மூன்றாம் வகை, உங்களோடு மற்றவர்களும் சேர்ந்திருப்பவை: வங்கிச் செயலி, அலுவலகச் செயலி, குடும்பக் குழு இருக்கும் செயலி. இந்த மூன்றாம் வகையை இப்போதைக்குத் தொடாதீர்கள். வங்கிச் செயலியை வேறு வழியில் நிறுவி, அது வேலை செய்யாமல் போய், அவசரத்தில் பணம் அனுப்ப முடியாமல் நிற்பது இந்த முயற்சியையே கைவிட வைக்கும்.

அதே தாளில் இன்னொரு பட்டியலும் வேண்டும்: கூகுள் கணக்கைக் கொண்டு உள்நுழையும் மற்ற தளங்கள். கூகுள் கணக்கு அமைப்புகளில் பாதுகாப்புப் பகுதிக்குப் போனால், வெளிச் செயலிகளுடனான இணைப்புகள் வரிசையாகத் தெரியும். ஒவ்வொரு தளத்துக்கும் போய்த் தனி மின்னஞ்சல், தனிக் கடவுச்சொல் வைக்க வேண்டும். அலுப்பான வேலைதான். ஆனால் இதைத் தவிர்த்தவர்கள்தான் பின்னால் அதிகம் அவதிப்படுகிறார்கள்.

2. தரவை வெளியே எடுங்கள்

யூடியூப் தரவை எடுக்க கூகுள் டேக்அவுட் என்ற பக்கம் இருக்கிறது. உள்ளே போனதும் எல்லாச் சேவைகளும் ஏற்கெனவே தேர்வாகி இருக்கும். அப்படியே விட்டால் புகைப்படங்கள், டிரைவ் எல்லாம் சேர்ந்து நூறு ஜிபிக்கும் மேல் போகலாம். முதலில் எல்லாத் தேர்வையும் நீக்கிவிட்டு யூடியூபை மட்டும் தேர்வு செய்யுங்கள். அதற்குள்ளும் சந்தாக்கள், பிளேலிஸ்ட், பார்த்த வரலாறு ஆகியவை போதும். சொந்த வீடியோக்கள் இருந்தால் அவற்றைத் தனி ஏற்றுமதியாக எடுங்கள். இல்லையென்றால் சின்னப் பட்டியலுக்காகப் பெரிய ஏற்றுமதி முடியும்வரை காத்திருக்க வேண்டியிருக்கும்.

இங்கே நான்கு இடங்களில் பிசகும்.

முதலாவது, பார்த்த வரலாறு எச்டிஎம்எல் வடிவில் வரும்படி இருக்கும். மனிதர் படிக்க அது சரி, செயலிகள் படிக்க ஜேசன் வடிவம் வேண்டும். ஏற்றுமதியைத் தொடங்கும் முன் வடிவத்தை மாற்றுங்கள்.

இரண்டாவது, கணக்கின் மொழி ஆங்கிலம் அல்லாமல் வேறாக இருந்தால், ஏற்றுமதியில் வரும் கோப்புறைகளும் கோப்புகளும் அந்த மொழிப் பெயரோடு வரும். மாற்றுச் செயலி சந்தாக் கோப்பை அடையாளம் காணாமல் போக இது ஒரு காரணம். கணக்கின் மொழியை ஆங்கிலத்துக்கு மாற்றிவிட்டு ஏற்றுமதி செய்தால் தொல்லை இல்லை. பிறகு மொழியைத் திரும்ப மாற்றிக்கொள்ளலாம்.

மூன்றாவது, உங்கள் சேனல் பிராண்ட் கணக்கின் கீழ் (பலர் சேர்ந்து நிர்வகிக்கக்கூடிய, தனிக் கணக்கிலிருந்து வேறான கணக்கு) இருந்தால் அதன் தரவு உங்கள் தனிக் கணக்கின் ஏற்றுமதியில் வராது. டேக்அவுட் பக்கத்தில் வலது மேல் மூலையில் அந்தப் பிராண்ட் கணக்குக்கு மாறி, அதற்கென்று தனியாக எடுக்க வேண்டும். சந்தாப் பட்டியல் காலியாக வருகிறது என்றால் பெரும்பாலும் இதுதான் விஷயம்.

நான்காவது, நேரம். சந்தா மட்டும் என்றால் சில நிமிடங்களில் தயாராகும். வீடியோக்களும் சேர்ந்தால் நாட்கணக்கில்கூட ஆகலாம். பதிவிறக்க லிங்க் 7 நாட்களில் காலாவதியாகும். மின்னஞ்சல் வந்த அன்றே இறக்கிவிடுங்கள். இணைப்பு அடிக்கடி அறுபடும் இடமென்றால் கோப்பு அளவை 50 ஜிபி என்று வைக்காமல் 2 ஜிபி துண்டுகளாகக் கேளுங்கள். ஒரு துண்டு கெட்டால் அதை மட்டும் மறுபடி இறக்கலாம்.

தரவோடு சேர்த்துச் சாவிகளையும் எடுக்க வேண்டும். இருபடிச் சரிபார்ப்பு எண்கள் கூகுள் ஆதென்டிகேட்டரில் இருந்தால், அதிலுள்ள கணக்கு மாற்றும் வசதி ஒரு கியூஆர் குறியைக் காட்டும். அதே எண்களை உருவாக்கும் ஏஜிஸ் என்ற இலவசச் செயலி அதை அப்படியே ஸ்கேன் செய்து ஏற்றுக்கொள்ளும். ஏஜிஸில் கடவுச்சொல் போட்டுப் பூட்டிய பேக்கப் கோப்பு ஒன்றை எடுத்து ஃபோனுக்கு வெளியே வையுங்கள். ஃபோன் கையில் இல்லாதபோது உள்நுழைய உதவும், கூகுள் கணக்கின் 10 மாற்றுக் குறியீடுகளைத் தாளில் அச்சிட்டு வையுங்கள். ஒவ்வொன்றும் ஒரு முறைதான் செல்லும். விளையாட்டுகளும் செயலிகளும் வாங்கிய ரசீது மின்னஞ்சல்களை பிடிஎஃப் ஆக்கி ஒரே கோப்புறையில் சேமியுங்கள். கணக்கு முடக்கப்பட்டால் அது உங்களுடையதுதான் என்று காட்ட அந்த ரசீதுகளே கைகொடுக்கும்.

3. வீடியோ பார்ப்பது

பார்ப்பதற்கான தளத்தை மாற்றுவதும் பார்க்கும் செயலியை மாற்றுவதும் வேறு வேறு. நீங்கள் விரும்பிப் பார்ப்பவர்கள் யூடியூபில்தான் வெளியிடுகிறார்கள் என்றால் தளத்தை உங்களால் மாற்ற முடியாது. கணக்கு, பரிந்துரை, கண்காணிப்பு இவை இல்லாமல் பார்க்க முடியும். அதற்கு மூன்று வழிகள்.

மிக எளியது ஆர்எஸ்எஸ், அதாவது புதிதாக வந்தவற்றின் பட்டியலைத் தானாகத் தரும் ஊட்டம். ஒவ்வொரு யூடியூப் சேனலுக்கும் ஓர் ஊட்டம் உண்டு. யூசி என்ற இரண்டு எழுத்தில் தொடங்கும் 24 எழுத்துச் சேனல் அடையாளம்தான் அதன் திறவுகோல். ஊட்டம் படிக்கும் பல செயலிகளில் சேனல் பக்கத்தின் முகவரியை ஒட்டினாலே போதும், ஊட்டத்தை அவையே கண்டுபிடித்துக்கொள்ளும். கடைசி 15 வீடியோக்கள் மட்டுமே அதில் வரும். பழையவற்றைத் தேட உதவாது. புதிது வந்ததா என்று மட்டும் தெரிந்தால் போதும் என்பவருக்கு இதைவிட நல்லது எதுவும் இல்லை. எந்தப் பரிந்துரையும் கண்ணில் படாது.

ஆண்ட்ராய்டில் நியூபைப் என்ற இலவசச் செயலி. யூடியூபோடு, பியர்டியூப் என்ற வீடியோ வலையமைப்பு, சவுண்ட்கிளவுட், பேண்ட்கேம்ப் என்ற இசைத் தளங்கள் ஆகியவற்றையும் இது திறக்கும். சந்தாக்கள் ஃபோனிலேயே இருக்கும். டேக்அவுட்டில் வந்த சந்தாப் பட்டியலான சிஎஸ்வி கோப்பைச் சந்தாப் பகுதியில் இறக்குமதி செய்தால் சேனல்கள் வந்துவிடும். நூறுக்கு மேல் சேனல் இருந்தால் ஊட்டத்தைப் புதுப்பிக்க நேரம் எடுக்கும், சில சமயம் யூடியூப் இடையில் தடுத்துவிடும். அமைப்புகளில் விரைவு முறையை இயக்கினால் அது ஆர்எஸ்எஸ் வழியாக எடுக்கும். வீடியோவின் நீளம் தெரியாது, ஆனால் சில நொடிகளில் முடியும்.

நியூபைப் பிளே ஸ்டோரில் கிடையாது. அங்கே அந்தப் பெயரில் எதைக் கண்டாலும் அது போலி. எஃப்-ட்ராய்டு என்ற திறமூலச் செயலிக் கடையில் (5ஆம் பகுதியில் பார்ப்போம்) எடுப்பதா, நியூபைப் குழுவே நடத்தும் களஞ்சியத்தை (செயலி கிடைக்கும் தொகுப்பிடம்) எஃப்-ட்ராய்டில் சேர்த்து எடுப்பதா என்று முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். என் பரிந்துரை இரண்டாவது. யூடியூப் தன் பக்கம் எதையாவது மாற்றியதும் நியூபைப் நின்றுபோகும். திருத்திய பதிப்பு குழுவின் களஞ்சியத்தில் முதலில் வரும், எஃப்-ட்ராய்டின் முதன்மைக் களஞ்சியத்துக்கு வரச் சில நாட்கள் பிடிக்கும். இரண்டின் டிஜிட்டல் கையொப்பமும் வேறு என்பதால் ஒன்றின் மேல் மற்றொன்றை நிறுவ முடியாது. மாற வேண்டுமானால் அமைப்புகளில் பேக்கப் எடுத்து, பழையதை நீக்கி, புதியதை நிறுவி, பேக்கப்பை மீட்க வேண்டும். பேக்கப் எடுக்காமல் நீக்கினால் சந்தா, பிளேலிஸ்ட், வரலாறு மூன்றும் போகும். மாதம் ஒருமுறை அந்த ஜிப் கோப்பை எடுத்து வைக்கும் பழக்கம் நல்லது.

கணினியில் ஃப்ரீடியூப். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். சந்தா, வரலாறு எல்லாம் கணினிக்குள்ளேயே. யூடியூபுக்கும் உங்களுக்கும் இடையில் நிற்கும் இன்விடியஸ் சர்வர் வழியாகவும் இதில் பார்க்கலாம், ஆனால் பொது இன்விடியஸ் சர்வர்களை யூடியூப் அடிக்கடி தடுப்பதால் அமைப்புகளில் உள்ளூர் முறையையே (கணினியே நேரடியாக யூடியூபிலிருந்து எடுப்பது) வைத்திருங்கள்.

இந்தச் செயலிகளில் வயதுக் கட்டுப்பாடு உள்ள வீடியோக்களும் உறுப்பினர்களுக்கு மட்டுமான வீடியோக்களும் ஓடாது. கருத்து எழுத முடியாது. நீங்கள் மனிதரா ரோபோவா என்ற சோதனை கேட்டு வீடியோ நின்றால், பெரும்பாலும் நீங்கள் பயன்படுத்தும் விபிஎன் (இணைப்பை வேறொரு சர்வர் வழியாக அனுப்பும் சேவை) முகவரிதான் காரணம்; அதை அணைத்துவிட்டோ சர்வரை மாற்றியோ பாருங்கள். யூடியூபின் விதிமுறைகள் இத்தகைய செயலிகளை ஏற்பதில்லை என்பதையும் தெரிந்துகொண்டே பயன்படுத்துங்கள். இன்னொன்று: இப்படிப் பார்த்தால் படைப்பாளிக்கு விளம்பர வருமானம் போகாது. தொடர்ந்து பார்க்கும் ஒரு சிலருக்காவது நேரடியாக நன்கொடை அனுப்புவதே நியாயம்.

4. வீடியோ வெளியிடுவது

இதற்கு முதன்மையான மாற்று பியர்டியூப். ஃபிரான்ஸைச் சேர்ந்த ஃப்ராமாசாஃப்ட் என்ற லாபநோக்கற்ற அமைப்பு உருவாக்கியது. முதல் முழுப் பதிப்பு 2018இல் வந்தது. பியர்டியூப் ஒரே தளம் கிடையாது. தனித்தனி சர்வர்கள், ஒன்றோடொன்று பேசிக்கொள்பவை. ஆகவே எந்த சர்வரில் கணக்குத் தொடங்குகிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

சர்வரைத் தேர்ந்தெடுக்கும்போது அதன் அறிமுகப் பக்கத்தைக் கடைசி வரி வரை படியுங்கள். ஒருவருக்கு எவ்வளவு இடம், ஒரு நாளைக்கு எவ்வளவு பதிவேற்றலாம், பதிவுக்கு ஒப்புதல் தேவையா, எந்தத் தெளிவு வரை மாற்றித் தருகிறார்கள், நடத்துபவர் யார், செலவை எப்படிச் சமாளிக்கிறார் என்று பாருங்கள். நடத்துபவர் யாரென்றே சொல்லாத சர்வர் வேண்டாம். இடம் வரம்பில்லாமல் தருகிறோம், பணமும் வேண்டாம் என்று சொல்லும் சர்வரையும் நான் நம்பமாட்டேன். வீடியோ சேமிப்புக்குச் செலவு அதிகம், அந்தச் செலவு எங்கிருந்தோ வந்தாக வேண்டும். ஒப்புதல் கேட்கும் சர்வரில் விண்ணப்பக் கட்டம் இருக்கும். என்ன வகை வீடியோ, மாதத்துக்கு எத்தனை என்று இரண்டு மூன்று வரியில் தெளிவாக எழுதுங்கள். ஒற்றைச் சொல்லில் எழுதினால் குப்பைக் கணக்கு என்று நினைத்து நிராகரிப்பார்கள்.

கணக்குத் தொடங்கும்போது பயனர் பெயரும் சேனலின் அடையாளப் பெயரும் ஒன்றாக இருக்க முடியாது. சேனலின் அடையாளப் பெயரைப் பிறகு மாற்றவும் முடியாது. காட்சிப் பெயரை மட்டும் மாற்றலாம். ஆகவே சேனலுக்கு வேண்டிய நல்ல பெயரைப் பயனர் பெயரில் வீணாக்கிவிடாதீர்கள்.

பழைய வீடியோக்களைக் கொண்டுவர மூலக் கோப்புகள் வேண்டும். யூடியூப் ஸ்டுடியோவிலிருந்து நேரடியாக இறக்கினால் அதிகபட்சம் 720பி தெளிவில்தான் கிடைக்கும். மூலம் தொலைந்துபோயிருந்தால் டேக்அவுட்டில் எடுங்கள். எம்பி4 கோப்பு, எச்.264 வீடியோ, ஏஏசி ஒலி என்ற சேர்க்கை எந்த சர்வரிலும் சிக்கல் தராது. சர்வர் நிர்வாகி அனுமதித்திருந்தால் யூடியூப் சேனலை அப்படியே ஒத்திசைக்கும் வசதியும் உண்டு. யூடியூப் தடுப்பதால் அது பாதியில் நிற்பது சகஜம், அதை மட்டும் நம்பி இருக்க வேண்டாம்.

நேரத்தைக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். நொடிக்கு 10 மெகாபிட் பதிவேற்ற வேகத்தில் 1 ஜிபி போக ஏறத்தாழ 13 நிமிடம். 100 ஜிபி என்றால் இடைவிடாமல் 22 மணி நேரம் ஓட வேண்டும். அதன்பின் சர்வர் அதைப் பல தெளிவுகளுக்கு மாற்றும் வரிசை இருக்கிறது. சின்ன சர்வரில் அதற்கே மணிக்கணக்கில் ஆகலாம். அதுவரை வீடியோ வெளியே தெரியாவிட்டால் பதற வேண்டாம், மறுபடி பதிவேற்றவும் வேண்டாம். இரண்டாவது முறை ஏற்றினால் வரிசை இன்னும் நீளும்.

பியர்டியூபில் பார்ப்பவர்களே வீடியோவின் துண்டுகளை ஒருவருக்கொருவர் பகிர்ந்துகொள்ள முடியும். சர்வரின் சுமை அதனால் குறைகிறது, அதே நேரம் பார்ப்பவரின் ஐபி முகவரி மற்றவருக்குத் தெரியும். அது பிடிக்காதவர்கள் அமைப்புகளில் அதை அணைத்துவிடலாம்.

விளம்பர வருமானம் இங்கே கிடையாது. தேடி வருபவரும் குறைவு. எனவே குறைந்தது ஆறு மாதத்துக்கு யூடியூபிலும் பியர்டியூபிலும் சேர்த்தே வெளியிடுங்கள், யூடியூப் விவரக் குறிப்பில் புதிய முகவரியைக் கொடுங்கள். மூலக் கோப்புகளைச் சொந்த டிஸ்க்கில் வைத்திருப்பது கட்டாயம். தன்னார்வலர் நடத்தும் சர்வர் ஒரு மாத அறிவிப்போடு மூடப்படலாம். 2024இல் வந்த 6.1 பதிப்பு முதல் கணக்கு முழுவதையும் ஏற்றுமதி செய்து வேறு சர்வரில் இறக்கும் வசதி இருக்கிறது. உங்கள் சர்வரில் அது திறந்திருக்கிறதா என்று சேரும் முன்பே கேளுங்கள்.

குடும்ப வீடியோக்கள் மட்டும்தான் என்றால் பொது சர்வரே வேண்டாம். ஜெல்லிஃபின் என்ற இலவச மென்பொருளைப் பழைய கணினி ஒன்றில் நிறுவினால் வீட்டுக்குள் எல்லாத் திரையிலும் பார்க்கலாம். அது 8096 என்ற போர்ட்டில் (வலையமைப்பு வாசல் எண்) இயங்கும். அந்தப் போர்ட்டை ரௌட்டரில் இணையத்துக்குத் திறந்துவிடாதீர்கள். வெளியிலிருந்து பார்க்க வேண்டுமானால் வயர்கார்டு போன்ற விபிஎன் வழியாக வாருங்கள்.

5. ஆண்ட்ராய்டு செயலிகள்

இதில் வரிசை முக்கியம்: முதலில் எஃப்-ட்ராய்டு, அங்கே இல்லாததற்கு ஆப்டெய்னியம், அதிலும் இல்லாததற்கு மட்டும் அரோரா ஸ்டோர்.

எஃப்-ட்ராய்டை அதன் சொந்த இணையதளத்தில் இருந்து மட்டும் இறக்குங்கள். நிறுவும்போது, தெரியாத செயலிகளை நிறுவ உலாவிக்கு அனுமதி கேட்கும். ஆண்ட்ராய்டு 8 முதல் இந்த அனுமதி ஒவ்வொரு செயலிக்கும் தனித்தனி. எஃப்-ட்ராய்டு வந்ததும் உலாவிக்குக் கொடுத்த அனுமதியைத் திரும்ப எடுத்துவிடுங்கள். அதைத் திறந்தே வைத்தால் ஏதோ ஒரு பக்கம் தானாக இறக்கும் ஏபிகே என்ற ஆண்ட்ராய்டு நிறுவல் கோப்பு தவறுதலாக நிறுவப்பட வழியாகும்.

எஃப்-ட்ராய்டு பெரும்பாலான செயலிகளை மூலநிரலில் இருந்து தானே உருவாக்கித் தன் சாவியால் கையொப்பமிடுகிறது. அதன் பலன் நம்பகம், விலை தாமதம்: புதிய பதிப்பு சில நாட்கள் பிந்தி வரும். கையொப்பம் வேறென்பதால், பிளே ஸ்டோரில் நிறுவிய செயலியின் மேல் எஃப்-ட்ராய்டு பதிப்பை நிறுவ முடியாது. செயலி நிறுவப்படவில்லை என்ற செய்தி மட்டும் வரும், காரணம் சொல்லாது. முதலில் செயலிக்குள் தரவை ஏற்றுமதி செய்யுங்கள், பழையதை நீக்குங்கள், புதியதை நிறுவி இறக்குமதி செய்யுங்கள். ஒவ்வொரு செயலியின் பக்கத்திலும் விரும்பத்தகாத அம்சங்கள் என்று ஒரு குறிப்பு இருக்கும். விளம்பரம் உண்டா, கண்காணிப்பு உண்டா, மூடிய சேவையைச் சார்ந்ததா என்று அங்கே எழுதியிருப்பார்கள். நிறுவும் முன் அதைப் படியுங்கள்.

ஆப்டெய்னியம் ஒரு கடையல்ல. செயலியை உருவாக்கியவர் கிட்ஹப் போன்ற, மூலநிரல் பகிரும் தளங்களில் வெளியிடும் ஏபிகேயை நேரடியாக இறக்கி, அப்டேட் வந்தால் சொல்லும். யாரும் இங்கே சரிபார்ப்பதில்லை. தவறான முகவரியை ஒட்டினால் தவறான செயலிதான் வரும். திட்டத்தின் அதிகாரப்பூர்வ இணையதளத்தில் இருந்து முகவரியை எடுங்கள், தேடல் முடிவில் இருந்து எடுக்காதீர்கள். கையொப்பச் சான்றின் எஸ்எச்ஏ-256 ரேகையை (சான்று உண்மையானதா என்று காட்டும் எழுத்து-எண் சரம்) அந்தத் தளம் வெளியிட்டிருந்தால் அதனோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

அரோரா ஸ்டோர் பிளே ஸ்டோரிலுள்ள இலவசச் செயலிகளைக் கூகுள் கணக்கு இல்லாமல் இறக்கும். பொதுக் கணக்குகளைப் பலர் பகிர்வதால் அடிக்கடி பிழை வரும். வெளியேறி மறுபடி உள்நுழைந்தால் பெரும்பாலும் சரியாகும். காசு கொடுத்து வாங்கிய செயலிக்காக உங்கள் சொந்தக் கணக்கை அதில் போடாதீர்கள், கணக்கு முடக்கப்படும் அபாயம் உண்டு.

மாற்றும்போது கீழ்க்கண்டவற்றிலிருந்து தொடங்கினால் பலன் உடனே தெரியும். வரைபடத்துக்கு ஆஸ்மாண்ட் அல்லது கோமாப்ஸ். இரண்டும் ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் தரவைக் கொண்டவை, இணையமின்றி இயங்கும், கடைகள் எப்போது திறந்திருக்கும் என்ற தகவலில் மட்டும் பின்தங்கும். கடவுச்சொல்லுக்கு கீபாஸ்டிஎக்ஸ் அல்லது பிட்வார்டன். மின்னஞ்சலுக்கு தண்டர்பேர்டு. வீடியோக் கோப்புக்கு விஎல்சி. விசைப்பலகைக்கு ஹெலிபோர்டு, இணைய அனுமதியே கேட்காத செயலி அது, அதனாலேயே நான் முதலில் சொல்வேன். ஆனால் ஆங்கில எழுத்தில் தட்டித் தமிழாக மாற்றிப் பழகியவர்களுக்கு அந்த வசதி அதில் இல்லை. பழைய விசைப்பலகையை நீக்காமல் ஒரு வாரம் இரண்டையும் வைத்துப் பாருங்கள். சிக்னல் எஃப்-ட்ராய்டின் முதன்மைக் களஞ்சியத்தில் இல்லை. அதன் இணையதளத்தில் தானே அப்டேட் ஆகும் ஏபிகே இருக்கிறது.

கூகுளின் பிளே சேவைகளே (பல செயலிகள் சார்ந்திருக்கும் பின்னணி மென்பொருள்) இல்லாத ஃபோனில் பல செயலிகளின் அறிவிப்பு தாமதமாக வரும், அல்லது வரவே வராது. அவை கூகுளின் வழியாகத்தான் அறிவிப்பை அனுப்புகின்றன. கூகுள் வழியாக இல்லாமல் அறிவிப்பு அனுப்பும் யூனிஃபைட்புஷ் முறையை ஆதரிக்கும் செயலிகளுக்கு நோட்டிஃபை என்ற செயலியைத் துணையாக நிறுவலாம். வங்கிச் செயலிகள் ஃபோனின் மென்பொருள் மாற்றப்படாமல் இருக்கிறதா என்று கூகுளிடம் விசாரிப்பவை, எங்கிருந்து நிறுவினீர்கள் என்றும் பார்ப்பவை. அவற்றுக்கு பிளே ஸ்டோரையே விட்டுவையுங்கள். ஆண்ட்ராய்டு 13 முதல், ஏபிகேயாக நேரடியாக நிறுவிய செயலிக்கு அணுகல்தன்மை, அறிவிப்பு வாசிப்பு ஆகிய அனுமதிகள் மங்கலாகத் தெரியும். செயலித் தகவல் பக்கத்தின் மூன்று புள்ளிகளை அழுத்தினால் கட்டுப்படுத்திய அமைப்புகளை அனுமதிக்கும் தேர்வு வரும். செயலிமேல் முழு நம்பிக்கை இல்லையென்றால் அதைத் தொடாதீர்கள், மோசடிச் செயலிகளும் இதே அனுமதியைத்தான் கேட்கின்றன.

ஒரு முக்கியமான காலக்கெடு: கூகுளின் சான்று பெற்ற ஆண்ட்ராய்டு ஃபோன்களில், அடையாளம் சரிபார்க்கப்பட்ட உருவாக்குநர்களின் செயலிகளையே நிறுவ முடியும் என்ற விதியைக் கூகுள் 2025 ஆகஸ்ட்டில் அறிவித்தது. 2026 செப்டம்பரில் பிரேசில், இந்தோனேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து ஆகிய நாடுகளிலும், 2027 முதல் மற்ற நாடுகளிலும் என்பது அந்த அறிவிப்பின் அட்டவணை. அபாயம் தெரிந்து நிறுவ விரும்புபவர்களுக்குத் தனி வழி வைப்போம் என்றும் பிறகு சொன்னார்கள். எஃப்-ட்ராய்டு இதைக் கடுமையாக எதிர்த்தது. புதிய ஃபோன் வாங்கும் எண்ணம் இருந்தால், வாங்கும் நாளில் இந்த விதி உங்கள் நாட்டில் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

6. ஐபோன்

இங்கே வழி குறுகலானது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 மார்ச்சில் வந்த ஐஓஎஸ் 17.4 முதல் வெளிக் கடைகளை நிறுவலாம். ஆல்ட்ஸ்டோர் பால் அவற்றில் ஒன்று. அந்த வசதி இல்லாத நாடுகளில் கணினியோடு சேர்த்து இயங்கும் பழைய ஆல்ட்ஸ்டோர் இருக்கிறது. இலவச ஆப்பிள் கணக்கில் ஒரே நேரத்தில் 3 செயலிகள்தான், அவையும் 7 நாளுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட வேண்டும். இல்லையென்றால் திறக்காது. பெரும்பாலோருக்கு நான் சொல்வது, உலாவியில் பக்கத்தைத் திறந்து முகப்புத் திரையில் சேர்ப்பதே. பியர்டியூப், ஆர்எஸ்எஸ் வாசிப்பான் இரண்டும் அப்படியே நன்றாக ஓடும்.

7. விளையாட்டுகள்

ஸ்டீமில் நீங்கள் வாங்குவது பயன்படுத்தும் உரிமம்தான். பணம் செலுத்தும் பக்கத்திலேயே 2024 முதல் அதை எழுதிவைத்திருக்கிறார்கள். வாங்கியவற்றை நகர்த்த முடியாது என்பதால் இங்கே செய்யக்கூடியது அடுத்த கொள்முதலில் இருந்து மாறுவதுதான்.

ஒரு விளையாட்டு வேண்டுமென்றால் முதலில் ஜிஓஜி என்ற கடையில் தேடுங்கள். அங்கே விற்கும் விளையாட்டுகளில் டிஆர்எம் பூட்டு (நகலெடுப்பதைத் தடுக்கும் கட்டுப்பாடு) இல்லை. இணையமின்றி நிறுவும் கோப்பைப் பதிவிறக்கிச் சொந்த டிஸ்க்கில் வைத்துக்கொள்ளலாம். சிறிய உருவாக்குநர்களின் விளையாட்டுக்கு இட்ச் ஐஓ. அங்கே பெரும்பாலானவை வெறும் ஜிப் கோப்புகள், பல விளையாட்டுகளுக்கு நீங்கள் விரும்பிய தொகையைக் கொடுக்கலாம். எபிக் கடையைப் பலர் மாற்று என்கிறார்கள். வாராவாரம் தரும் இலவச விளையாட்டு நல்லதுதான், ஆனால் நாளை மூடினால் என்ன மிஞ்சும் என்ற கேள்விக்கு அங்கே கிடைக்கும் பதில் ஸ்டீமில் கிடைப்பதேதான்.

வாங்கும் முன் இரண்டு விஷயம் பாருங்கள். சில விளையாட்டுகளின் ஜிஓஜி பதிப்புக்குத் திருத்தங்கள் பிந்தி வரும். அந்த விளையாட்டின் ஜிஓஜி விவாதப் பகுதியில் கடைசிப் பதிப்பு எண் என்னவென்று பார்த்து ஸ்டீம் பதிப்போடு ஒப்பிடுங்கள். இணையத்தில் பலர் சேர்ந்து ஆடும் பகுதிக்கு கேலக்ஸி என்ற ஜிஓஜி மென்பொருள் தேவைப்படலாம், அல்லது அந்தப் பகுதியே இல்லாமல் இருக்கலாம்.

பணத்தைத் திரும்பப் பெறும் கெடுக்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஸ்டீமில் வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால். ஜிஓஜியில் 30 நாள், ஆடியிருந்தாலும் கேட்கலாம். எனவே வாங்கிய அன்றே நிறுவி உங்கள் கணினியில் ஓடுகிறதா என்று பாருங்கள். தள்ளுபடி என்று வாங்கிப் போட்டு மூன்று மாதம் கழித்துத் திறப்பவருக்கு இந்த வசதி எதுவும் இல்லை.

ஜிஓஜி நிறுவல் கோப்பு பெரிய விளையாட்டுகளுக்கு ஒரு எக்ஸி கோப்பும், கூடவே 4 ஜிபி அளவிலான பல துண்டுகளுமாக வரும். எல்லாம் ஒரே கோப்புறையில் இருக்க வேண்டும், பெயர் மாறக்கூடாது. ஒரு துண்டு குறைந்தாலும் பாதியில் நின்றுபோகும். இறக்கியதும் ஒருமுறை நிறுவிப் பார்த்த பிறகே பேக்கப் என்று எண்ணுங்கள். இறக்கி வைத்துச் சோதிக்காத கோப்பு பேக்கப் ஆகாது.

சேமித்த ஆட்டங்கள் தனிக் கதை. ஸ்டீம் மேகத்தில் (ஸ்டீமின் இணையச் சேமிப்பிடம்) உள்ள சேமிப்புகளை உலாவியில் கணக்குப் பக்கம் வழியாகவே பார்த்து இறக்கலாம். எந்த விளையாட்டு எந்தக் கோப்புறையில் சேமிக்கிறது என்பதை பிசி கேமிங் விக்கி சொல்லும். லுடுசாவி என்ற இலவச மென்பொருள் கணினியில் உள்ள எல்லாவற்றையும் தேடி ஒரே இடத்தில் பேக்கப் எடுக்கும். ஸ்டீம் பதிப்பின் சேமிப்பு ஜிஓஜி பதிப்பில் பெரும்பாலும் வேலை செய்யும், கோப்புறை மட்டும் மாறும். எப்போதும் அப்படித்தான் என்று நம்பிப் பழையதை அழிக்காதீர்கள்.

லினக்ஸுக்கு மாறுபவர்களுக்கு ஹீரோயிக் லாஞ்சர் ஜிஓஜி, எபிக் இரண்டையும் ஒரே இடத்தில் நிர்வகிக்கும். விண்டோஸ் விளையாட்டுகளை ஓட்டும் புரோட்டானை 2018இல் வெளியிட்டது ஸ்டீமின் வால்வ் நிறுவனமே. உங்கள் விளையாட்டு ஓடுமா என்பதை புரோட்டான்டிபி தளத்தில் பாருங்கள். தடையாவது பெரும்பாலும் ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள்தான். வேலோரண்ட், ஃபோர்ட்நைட் இரண்டும் லினக்ஸில் ஓடாது. வீட்டில் யாராவது அவற்றை ஆடுகிறார்கள் என்றால் அந்தக் கணினியில் விண்டோஸை நீக்காதீர்கள்.

காசே இல்லாமல் ஆட லுவாண்டி, சூப்பர்டக்ஸ்கார்ட், 0 ஏ.டி., வெஸ்நாத் ஆகியவை இருக்கின்றன. மைன்டெஸ்ட் என்று தேடினாலும் வருவது லுவாண்டிதான், 2024இல் பெயர் மாறியது. சதுரங்கத்துக்கு லிச்செஸ்; விளம்பரமும் இல்லை, கட்டணமும் இல்லை, ஆடிய ஆட்டங்களை எல்லாம் பிஜிஎன் என்ற சதுரங்கப் பதிவுக் கோப்பாக இறக்கிக்கொள்ளலாம்.

8. செலவும் கால அளவும்

மென்பொருளுக்குச் செலவு ஏறத்தாழ இல்லை. செலவு டிஸ்க்கில். முழு எச்டி வீடியோ ஒரு மணி நேரத்துக்கு 2 முதல் 4 ஜிபி. பெரிய விளையாட்டு ஒன்றுக்கு 50 முதல் 100 ஜிபி. இருக்கும் தரவின் இரு மடங்கு இடம் கணக்கிடுங்கள், அதையும் ஒரே டிஸ்க்காக இல்லாமல் இரண்டாக வாங்குங்கள். எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மேட் செய்தால் விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றும் படிக்கும். ஃபேட்32 என்றால் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பை ஏற்காது.

கால அளவு: முதல் வார இறுதியில் பட்டியலும் தரவு ஏற்றுமதியும். அடுத்த வாரம் நியூபைப் அல்லது ஃப்ரீடியூப். மூன்றாவது வாரம் முதல், வாரத்துக்கு இரண்டு செயலிகளுக்கு மேல் மாற்றாதீர்கள். ஐந்தாறு செயலிகளை ஒரே நாளில் மாற்றினால், எது பழுதானது என்றே கண்டுபிடிக்க முடியாது.

9. பழைய கணக்கை என்ன செய்வது

புதிய ஏற்பாட்டில் மூன்று மாதமாவது ஓடிய பிறகே இதைப் பற்றி யோசியுங்கள். அதற்குள் பழைய மின்னஞ்சலுக்கு வரும் ஒவ்வொரு கடிதத்தையும் கவனித்து, அனுப்பும் தளத்தில் முகவரியை மாற்றிக்கொண்டே வாருங்கள்.

கூகுள் கணக்கை முழுக்க அழித்தால் பிளே ஸ்டோரில் வாங்கியவை அனைத்தும் போகும். யூடியூப் சேனல் மட்டும்தான் வேண்டாம் என்றால் கணக்கை வைத்துக்கொண்டு யூடியூப் சேவையை மட்டும் நீக்க முடியும்; பார்த்த வரலாறு மட்டும்தான் உறுத்துகிறது என்றால் அதை அழித்துவிட்டுப் பதிவாவதையும் நிறுத்தலாம். பெரும்பாலோருக்கு இது போதும். கணக்கை வெறுமனே விட்டுவைப்பதாக இருந்தால் ஒன்றை மறக்க வேண்டாம்: 2 ஆண்டுகள் பயன்படுத்தாத தனிநபர் கணக்குகளைக் கூகுள் நீக்கக்கூடும், 2023 டிசம்பரிலிருந்து இது நடைமுறையில் இருக்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை உள்நுழைய நாள்காட்டியில் நினைவூட்டல் வையுங்கள். ஸ்டீம் கணக்கை அழிக்கவே வேண்டாம். அதற்குக் கட்டணம் இல்லை, வாங்கிய விளையாட்டுகள் அதில்தான் இருக்கின்றன. இருபடிச் சரிபார்ப்பை இயக்கி, மீட்புக் குறியீட்டைக் கூகுள் குறியீடுகள் இருக்கும் அதே தாளில் எழுதி வையுங்கள்.